கூழ் ஊற்றும் கணக்கை வாசிக்கிறோம், பள்ளிக் கணக்கை எப்போது வாசிப்போம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, ஐந்நூறு ரூபாய் வரி. திருவிழா முடிந்த மறுவாரம் கோயில் திடலில் ஊர் கூடும். நாட்டாண்மைக்காரர் நோட்டை விரித்து, பந்தலுக்கு இவ்வளவு, கூத்துக்கு இவ்வளவு, கேழ்வரகு மாவு இத்தனை கிலோ என்று கடைசி ரூபாய் வரை வாசிப்பார். போன வருஷம் பூ வாங்கிய கணக்கில் நூற்றிருபது ரூபாய் இடித்தது. அதற்கு அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், ஊர்ப் பணம் அல்லவா.

அந்தத் திடலுக்கு எதிரில்தான் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அதற்கு வருஷத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று எனக்குத் தெரிந்து ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாகி ஆறு மாதம் ஆகும் வரை நானும் கேட்கவில்லை.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வீட்டில் தையல் மிஷின் போட்டுத் தைக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் இந்தப் பள்ளியில்தான். 2024 ஆகஸ்டில் குழுவைப் புதிதாக அமைத்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். 24 பேர் கொண்ட குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் குழுவின் வேலை என்று அதே சட்டம் சொல்கிறது. இதையெல்லாம் நான் பின்னால்தான் படித்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, சார் கையெழுத்து வாங்கியாரச் சொன்னாரு." எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. மிஷினை விட்டு எழுந்திருக்காமலே போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை மகளின் பையை எடுத்து வைக்கும்போது தண்ணீர் பாட்டில் கனத்தது. காலையில் நிரப்பிக் கொடுத்தது நிரப்பியபடியே இருந்தது. ஏன்டி குடிக்கவில்லை என்றேன். "குடிச்சா பாத்ரூம் போகணும்மா. அங்க தண்ணி வரல." எத்தனை நாளாக என்று கேட்டேன். பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து என்றாள். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லோருமே காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் வருகிறார்களாம். மாதவிலக்கு நாட்களில் இரண்டு பேர் பள்ளிக்கே வருவதில்லையாம். பள்ளிக்குத் தலைவி என்று பெயர், என் வீட்டுப் பிள்ளை ஒரு மாதமாகத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் போய்க் கணக்கு நோட்டைக் கேட்டேன். தலைமை ஆசிரியர் முகம் சுளிக்கவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டினார். அவர் ஒரு ரூபாய் எடுக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கைக்காசுதான் போயிருக்கிறது. நவம்பரில் தண்ணீர் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் ('காயில்') எரிந்துவிட்டது. புதிதாகச் சுருள் கட்ட 3,800 ரூபாய். மானியம் அப்போது வரவில்லை. சார் 2,000 கொடுத்தார், பாக்கி கடன். ஜனவரியில் மோட்டார் மறுபடி நின்றது. பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் வருவேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் பணம் வந்தது, அதுவும் பாதிதான். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும், ஜி.எஸ்.டி. பில் வேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஏது ஜி.எஸ்.டி. பில்? பதிவேடுகள், முதலுதவிப் பெட்டி, பாய், பெயின்ட் என்று பில் கிடைக்கிற பொருளாக வாங்கியாயிற்று. நான் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். மோட்டார் நின்றபடியே நின்றது.

கடைசியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நாட்டாண்மைக்காரரிடம் போனேன். திருவிழாக் கணக்கில் மிச்சம் இருந்த 4,600 ரூபாயைக் கொடுத்தார். "புள்ளைங்களுக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா" என்றார். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் தண்ணீர் வந்தது. காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்த கதையை என் தாத்தா சொல்லியிருக்கிறார். கொடுக்க ஊருக்கு இன்றும் மனம் இருக்கிறது. ஆனால் மாரியம்மன் உண்டியலை நம்பி ஓர் அரசுப் பள்ளிக் கழிப்பறை இருக்கக் கூடாது.

மானியம் எவ்வளவு என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். போன வருஷம் எங்கள் பள்ளியில் 98 பிள்ளைகள். இன்னும் மூன்று பேர் இருந்திருந்தால் இரட்டிப்புப் பணம். 98 பிள்ளைகள் இருந்தாலும் 101 பிள்ளைகள் இருந்தாலும் மோட்டார் ஒன்றுதான், மழை ஒழுகும் கூரை ஒன்றுதான், பூட்டுச் சாவி ஒன்றுதான். மாதத்துக்குப் பங்கிட்டால் 2,083 ரூபாய் வருகிறது. நான் தையலில் சம்பாதிப்பதே அதைவிட அதிகம்.

ஆசிரியர் எண்ணிக்கையும் தலையை எண்ணித்தான். ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் என்றால் இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கு. போன வருஷம் தொடக்க வகுப்புகளில் 62 பேர் இருந்தார்கள், இன்று 57. இப்படியே ஆகஸ்ட் 1 வந்தால் ஓர் ஆசிரியர் உபரி என்று வேறு பள்ளிக்குப் போய்விடுவார், ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். இதை எழுதும் வாரத்தில் நானும் ஆசிரியைகளும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

பள்ளியை விட்டுப் போன ஐந்து பேரின் வீடும் எனக்குத் தெரியும். இரண்டு பேர் அண்ணன் தங்கை. அப்பா அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூரு போனார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அவர்களை என்ன சொல்ல முடியும்? மற்ற மூன்று பேர் காலையில் வரும் மஞ்சள் வேனில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். அதில் ஒரு பையனின் அம்மாவிடம் இங்கிலீஷ் மீடியம்தான் காரணமா என்று கேட்டேன். "இல்லக்கா. நாலாவது முடிச்சிட்டான், கல்யாணப் பத்திரிகை படிக்கத் தெரியல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. அதே வகுப்பில் இன்னும் இருக்கும் ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பட்டாம்பூச்சி என்ற சொல்லில் 'ட்'டிலேயே நின்றுவிட்டான். விரலை எழுத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் கொரோனாவால் பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அப்போது விட்ட எழுத்தை யாரும் அவனுக்கென்று உட்கார்ந்து பிடித்துக் கொடுக்கவில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருவது நல்ல முறை. ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, செல்போனில் மதிப்பீடு ஏற்றவும் வேண்டிய ஆசிரியைக்கு 'ட்'டில் நின்றவனிடம் போக எத்தனை நிமிடம் கிடைக்கும்?

ஆனால் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் வரும் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் திண்ணையில் வைத்து என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தாள். ஒரு சிறுமி தேர்ச்சி பெற்றாள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. எங்கள் பள்ளி முழுவதற்கும் இரண்டு வருஷத்துக்கு வரவேண்டிய மானியத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், ஒரு கூலித் தொழிலாளியின் மகள் தன் மூளையால் வாங்கியது.

மஞ்சள் வேனில் அனுப்புகிற பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிப் படிப்பைக் கணக்கெடுக்கிறார்கள். ஆறாவதில் வேன் ஏற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. இதைக் கேட்டு ஒரு குடும்பம் யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறது.

ஒன்று உடைந்தால் யாரிடம் போவது என்பதும் பெரும்பாடு. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்கு, ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறைக்கு, சத்துணவு சமூக நலத் துறைக்கு. கூரை ஒழுகுகிறது என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி, அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்புக்கு வந்தது. குழுவில் இருந்த வார்டு உறுப்பினர்களின் பதவியும் அதோடு போயிற்று. போதாக்குறைக்கு, தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தையும் முன்வைத்து, எங்கள் மானியம் வரும் அதே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். வழக்கு முடியும்வரை என் மகள் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிய செலவு இல்லை. பள்ளி மானியத்தை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே கொடுங்கள், பிப்ரவரியில் வேண்டாம். ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அவசரப் பழுதுக்கு உள்ளூர் மெக்கானிக்கின் ரசீதை, குழுவின் தீர்மானத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். நூறுக்கும் நூற்றியொன்றுக்கும் நடுவில் இருக்கிற அந்த 25,000 ரூபாய்ப் பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்தால் நூறு நாள் வேலைக்கும் கடலை பிடுங்கவும் போன தாய்மார்கள் எப்படி வருவார்கள்? நாங்கள் கேட்டதன் பேரில் தலைமை ஆசிரியர் ஒருமுறை மாலை ஆறு மணிக்கு மாற்றினார். வழக்கமாக ஐந்தாறு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று பதினேழு பேர் வந்தார்கள்.

மற்றது நாங்கள் செய்ய வேண்டியது. பள்ளி வாசல் சுவரில் கரும்பலகை அளவுக்கு ஓர் இடத்தில் வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். வந்த பணம், செலவு, மிச்சம் மூன்றையும் அதில் எழுதப் போகிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பள்ளிக் கணக்கை வாசிக்கத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார், தனி அலுவலருக்கும் மனு கொடுத்திருக்கிறோம். மெக்கானிக்குக் கொடுத்த தொகை, மாரியம்மன் கணக்கிலிருந்து வந்த 4,600, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பில்கள் எல்லாவற்றையும் நான்தான் வாசிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒருவர்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.