மொரிசோவுக்கு ஒரே வரியா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், கணநேர ஒளியையும் தோற்றத்தையும் வரைந்த பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். மோனே, ரெனுவார், தெகா எல்லோருக்கும் பத்தி பத்தியாக இடம். அவர்களோடு வரைந்த பெண் ஓவியர் பெர்த் மொரிசோ மட்டும், ஓவியர் எதுவார் மானேயின் ‘தம்பி மனைவி’ என்று ஒரே வரியில் முடிந்துபோனார். 1874இல் பாரிசில் நடந்த இந்தக் குழுவின் முதல் கண்காட்சியிலேயே அவர் படங்கள் இருந்தன. குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டார். விட்டது 1879இல் மட்டும். அப்போது மகள் ஜூலி கைக்குழந்தை.

அவரது ‘தொட்டில்’ ஓவியத்தைப் பாருங்கள். அக்காள் எத்மா ஒரு கையைக் கன்னத்தில் ஊன்றி, மறுகையால் தொட்டில் திரையை இழுத்துப் பிடித்திருக்கிறார். அந்த வெள்ளை வலைத்துணிக்குள் தூங்கும் குழந்தை மங்கலாகத் தெரிகிறது. 1895இல் மொரிசோ இறந்தபோது சான்றிதழில் ‘தொழில் இல்லை’ என்றே எழுதினார்கள். எழுத்தர் ஓவியம் பார்த்திருக்க மாட்டார், போகட்டும், கட்டுரையாளர் பார்த்திருப்பாரே!

– வாசகி, தஞ்சாவூர்