சேர்க்கையோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அவர்களுக்கென ஒதுக்கச் சொல்கிறது. பார்வை மிகக் குறைந்த என் மகளுக்கு, தமிழ்நாட்டு எல்லைக்கு இப்பால், கேரளத்தில் உள்ள ஒரு கல்லூரியில் அப்படித்தான் இடம் கிடைத்தது.

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படித்த அவளுக்கு முதல் பருவம் பெருஞ்சோதனையாக இருந்தது. வகுப்பறை மாறியதை அறிவிப்புப் பலகையில் மலையாளத்தில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படிக்க முடியாமல், யாரிடமும் கேட்கவும் கூசி, வெற்று அறையில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வீடு திரும்பினாள். படிப்பை நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினோம்.

அவளைக் காத்தவர் வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு மூன்றாமாண்டு மாணவி. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் உடன் நடந்து வழி பழக்கினார். பாடக்குறிப்புகளை முன்கூட்டியே தரும்படி ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். ஒப்படைப்புக் கட்டுரையை நாள்வாரியாகப் பிரித்து, அவளையே எழுத வைத்தார். தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரத்தையும் கேட்டுப் பெறலாம் என்பதே எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. வரும் கோடையில் அவர் படிப்பை முடித்துச் செல்கிறார்.

ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கும் இந்த உதவியைக் கல்லூரிகள் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும். இத்தகைய மாணவர்களுக்கு உதவக் கல்லூரியில் இயங்கும் சம வாய்ப்பு மையத்தின் வழியே மூத்த மாணவர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, வகுப்பு தொடங்குமுன்பே, புதிதாகச் சேரும் மாற்றுத்திறனாளி மாணவரோடு, இயன்றவரை அவர் தாய்மொழி அறிந்தவராகப் பார்த்து இணைத்துவிடலாம்; நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் போல் அவர்களுக்கும் சான்றிதழ் வழங்கலாம். சுமை முழுதும் அந்த மூத்த மாணவர்மேல் விழாதபடி பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பதும், துணையாக வருபவரைப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளும் உரிமை இருப்பதும், சொன்னது வெளியே போகாது என்ற உறுதி இருப்பதும் கட்டாயம். கற்றல் குறைபாடும் மனநோயும் இச்சட்டம் ஏற்ற 21 வகைகளில் அடங்கும். வெளியே தெரியாத இவற்றைச் சொல்லப் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாட்டுச் சான்று தேவை; துணை கேட்டு வருபவரிடம் அதைக் கேட்கவே கூடாது.

சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரக் கல்லூரி முதல்வர்கள் அடுத்த சேர்க்கைக்குள் இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.