ஃபசலி 1434 – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பங்குதாரர்களுக்கும் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை நம் கண்மாய்ப் பங்குதாரர் சங்கம் செய்த வேலைகளை இதில் எழுதியிருக்கிறேன். ஆடியில் பொதுக்குழு கூடியது. ஆவணியில் வரத்துக்காலைச் சுத்தம் செய்தோம். தை பிறந்ததும் கரை அய்யனாருக்குப் பொங்கல் வைத்தோம். மாசியில் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம் நடந்தது. கருவேல் ஏலத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் நடந்த வேலையைப் பற்றி ஊருக்குள் பல பேச்சு நடப்பதால் அதை விவரமாகவே எழுதுகிறேன்.

எப்போதோ யாரோ கலுங்கின் தலைமேல் கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு முழ உயரத்துக்குக் கட்டிவிட்டார்கள். கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும், கடைமடை வரை பாயட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் கரையை யாரும் அதற்கேற்ப உயர்த்தவில்லை. அதோடு, நடுக்கரையில் மாடு ஏறி இறங்கும் இடம் வருடா வருடம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. சித்திரையில் மேஸ்திரியை அழைத்துவந்து டியூப் மட்டம் பிடித்துப் பார்த்தோம். ஒரு முனையைக் கலுங்குக் கட்டின் மேலும் மறுமுனையைப் பள்ளத்திலும் பிடித்தால், குழாயில் நின்ற தண்ணீருக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. கலுங்கில் ஒரு சாண் உயரத்துக்கு மறுகால் (மிச்சத் தண்ணீர்) பாயத் தொடங்கினாலே தண்ணீர் நடுக்கரை மேலும் வழியும் என்று இதற்கு அர்த்தம்.

கல்லால் கட்டிய அணை மேல் தண்ணீர் வழிந்தால் கல் தாங்கும். மண்கரை தாங்காது. வழிகிற தண்ணீர் முதலில் வெளிச்சரிவை அரிக்கும், அப்புறம் கரையின் தலையை வெட்டும், ஒரு வாய்க்கால் அளவு வெட்டிவிட்டால் பிறகு கண்மாயின் மொத்தத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போகும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையில் எத்தனை குளங்கள் உடைந்தன என்பதைப் பார்த்தோம்.

அங்கே பெய்தது பேய்மழை, நமக்கு அப்படி வராது என்று சிலர் சொன்னார்கள். கலுங்கை அடைத்தால் எந்த ஊர் மழையும் பெரிய மழைதான். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் காலோகோ என்று ஒரு பழைய மண் அணை இருந்தது. கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டி, பிறகு தனியார் கைக்கு வந்த அணை அது. 2006 மார்ச் 14 அன்று விடியற்காலையில் உடைந்து 7 பேர் இறந்துபோனார்கள். மறுகால் வழியை மண் போட்டு மூடியிருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். கென்யாவின் சோலாய் ஊரில் 2018 மே 9 இரவு உடைந்ததும் தனியார் பண்ணையின் மண் அணைதான். 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கண்மாய் அந்த அளவுக்குப் பெரியது இல்லை. ஆனால் நம் கரைக்கு நேர் கீழே காலனி வீடுகளும் அங்கன்வாடியும் இருக்கின்றன.

அதனால் வைகாசியில் அந்தச் சிமெண்டுக் கட்டை உடைத்து எடுத்தோம். கலுங்கைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டோம். நடுக்கரைப் பள்ளத்தில் அரை அடிக்கு ஓர் அடுக்காக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்து ஏற்றியிருக்கிறோம். கடைமடைப் பங்குதாரர்களுக்கு இதில் மனவருத்தம் இருப்பது தெரியும். தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்றால் கண்மாயை ஆழப்படுத்துவோம். உள்வாயில் பல காலத்து வண்டல் கிடக்கிறது. முறைப்படி அனுமதி வாங்கி அதை எடுத்தாலே இழந்த தண்ணீருக்கு ஈடாகும். ஒன்று மட்டும், கரையின் அடியை ஒட்டி யாரும் மண் வெட்டக் கூடாது. அதேபோல் செங்கல் சூளைக்குப் போகிற டிப்பர்கள் கரைமேல் போவதையும் இனி அனுமதிக்க முடியாது. 1986 ஏப்ரல் 20-ல் இலங்கையில் கந்தளாய்க் குளம் உடைந்ததற்குக் கரைமேல் கனமான வண்டிகள் போனதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இனி கார்த்திகையில் நடந்தது. கண்மாய் நிறைந்திருந்த நேரம். இரண்டாம் மடைக்குக் கிழக்கே வெளிச்சரிவின் அடியில் ஊற்று கிளம்பியிருப்பதை, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நம் நீர்பாய்ச்சி வந்து சொன்னார். கசிவு எல்லா மண்கரையிலும் உண்டு, தெளிந்த தண்ணீராக வந்தால் பயமில்லை. அன்றைக்கு வந்தது கலங்கல். ஒரு சொம்பில் பிடித்து வைத்தோம். சற்று நேரத்தில் அடியில் விரல் கனத்துக்கு மண் படிந்தது. கரைக்கு உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். துளையை அடைத்துவிடலாம் என்று சாக்கோடு ஓடிவந்தவர்களைத் தடுத்ததற்காக என்மேல் கோபம் இருக்கிறது. ஊற்றை நேராக அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் துளைத்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை உறை மாதிரி அடுக்கி, உள்ளே முதலில் பெருமணல், அதன்மேல் சல்லி போட்டோம். தண்ணீர் வரலாம், மண் வரக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தோம். ஒரேயடியாகத் தண்ணீரை இறக்கினால் ஊறிப்போன உள்சரிவு சரிந்துவிடும். விடிவதற்குள் ஊற்று தெளிந்தது.

கோடையில் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது உள்ளே கிடந்தது மக்கிப்போன கருவேல வேர். முன்பு ஏலம் எடுத்தவர் மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை விட்டுப் போயிருக்கிறார். வேர் மக்கினால் அந்த இடம் கரைக்குள் குழாயாகிவிடும். ஆகவே தூரோடு தோண்டி எடுத்து, குழியில் மண் கெட்டித்துத் தர வேண்டும் என்று இந்த முறை ஏல நிபந்தனையில் சேர்த்தோம். ஏலத்துக்கு ஆள் வராததற்கு அதுதான் காரணம். அந்த வருமானம் போனதற்கு வருத்தம் உண்டு. நிபந்தனையை எடுக்கச் சம்மதமில்லை.

அந்த இரவு கரையில் நின்றவர்களில் பங்குதாரர்கள் சிலர்தான். காலனி இளைஞர்கள்தான் மூட்டை சுமந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கண்மாயில் ஒரு பங்குகூடக் கிடையாது. பங்குள்ள பலர் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன் செய்தால் எடுக்கலாம். உள்ளூரிலேயே இருந்துகொண்டு, ‘நான்தான் போர் போட்டுவிட்டேனே, கண்மாய்த் தண்ணீர் எனக்கு எதற்கு’ என்று வரி கட்டாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் போரில் தண்ணீர் ஊறுவது கண்மாய் நிறைவதால்தான்.

வரவு செலவு: சென்ற ஆண்டு இருப்பு, பங்கு வரி, மீன்பாசி ஏலத் தொகை ஆகியவை வரவு. கலுங்கு, கரை, மடை ஷட்டர், நீர்பாய்ச்சி கூலி, பொங்கல் செலவு ஆகியவை செலவு. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. மேஸ்திரிக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பில்கள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம். பங்கு வரி பாதிக்கும் கீழேதான் வசூலாகியிருக்கிறது.

அரசிடம் கேட்கலாமே என்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. நம்முடையது கூட்டுப் பட்டாவில் இருப்பதால் இரண்டு பட்டியலிலும் இல்லை. குடிமராமத்துப் பணியிலும் சேர்க்கவில்லை. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைவான அணைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நம் கரையைப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நாம்தான் நடந்து பார்க்க வேண்டும்.

நீர்பாய்ச்சி அவர்களுக்கும், காலனி இளைஞர்களுக்கும், மேஸ்திரிக்கும், டிராக்டர் கொடுத்து உதவிய துணைத்தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டம் நடத்த இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்றாம் மடையின் ஷட்டர் மாற்ற வேண்டும், உள்சரிவில் சரிந்த அலைகற்களைத் திரும்ப அடுக்க வேண்டும், மீதித் தூர்களைத் தோண்ட வேண்டும். எல்லாம் புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும், ஐப்பசி மழை விழுந்தபிறகு கரையில் மண்வெட்டி வைக்க முடியாது. கையில் இருக்கும் பணத்துக்கு ஷட்டர் மட்டும்தான் வரும். செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க முன்வந்தால் பதிவேட்டையும் மடைச் சாவியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். எப்படி இருந்தாலும் பாக்கி உள்ளவர்கள் ஆவணி பத்துக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பணமாக முடியாதவர்கள் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பினாலும் வரியில் கழித்துக்கொள்வோம். வேலை ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டாம் மடையிலிருந்து தொடங்கும். மண்வெட்டியும் கூடையும் அவரவரே கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்