பஜ்ஜி எண்ணெய் பட்ட 14-ஆம் டிராயிங்

எல்லோருக்கும் வணக்கம்.

வாட்டர் கேன் ஏஜென்சி ஆர்டர் கொடுத்த படியேறும் டிராலிகளில் பன்னிரண்டாவதும் நேற்று சாயங்காலம் வண்டியில் ஏறிவிட்டது. ஷட்டரை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையில் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. மிக்ஜாம் புயல் போன பிறகு எங்கள் பெருங்குடி ஷெட் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தவர்கள். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். பம்புசெட்டோடு வந்து இறங்கிய புரொடக்‌ஷன் பேட்ச் பசங்களுக்கு, ஓசூரிலிருந்து பேரிங் பெட்டியை பஸ்ஸில் போட்டுவிட்ட சீனியருக்கு, ஞாயிற்றுக்கிழமையும் லேபைத் திறந்து வைத்த சாருக்கு, மூன்று ராத்திரி தூங்காமல் கேடில் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் மென்பொருள்) வரைந்து தள்ளிய மூன்றாம் வருஷத் தம்பி தங்கைகளுக்கு, பேரையும் தொகையையும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட கடல் கடந்த அண்ணன்களுக்கு, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்துக்கொண்ட வாட்டர் கேன் ஏஜென்சிக்காரருக்கு. ஷெட்டில் சேற்றை வாரிய கைகள் யாருடையவை என்று பாதி எனக்கே தெரியாது. எல்லோருக்கும் நன்றி.

இனி எழுதப்போவது ஜெராக்ஸ் அக்காவைப் பற்றி.

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) படித்த யாருக்கும் அந்தக் கடையைத் தெரியாமல் இருக்காது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஸ்பைரல் பைண்டிங், ஏப்ரல் மாதம் வந்தால் வாசல் வரை நிற்கும் கூட்டம். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எத்தினி காப்பி?" என்பார். 2019-இல் நாங்கள் நான்கு பேரும் ஃபைனல் இயர் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுத்தோம். படியேறும் டிராலி, மூன்று சக்கரத்தை ஒரு முக்கோணக் கையில் மாட்டியது. ஒரு சக்கரம் படியில் முட்டினால் கை அப்படியே சுழன்று அடுத்த சக்கரத்தை மேல்படியில் கொண்டுபோய் வைக்கும். 20 லிட்டர் கேனை மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமக்கிற ஆளுக்காகச் செய்தது. ரிப்போர்ட்டைப் புரட்டிய அக்கா, "கண்ணு தெரியாதவங்களுக்கு செய்ற அல்ட்ராசோனிக் ஸ்டிக்கு இந்த வருஷமும் அஞ்சு பேரு பைண்டிங் பண்ணிக்கினாங்க. இது புதுசா கீதே. நெஜமாவே படி ஏறுமா? ஏறுச்சுன்னா எனக்கு ஒண்ணு குடு கண்ணு" என்றார். நாங்கள் சிரித்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு என்னிடம் கேட்காத ஆள் இல்லை: "டிராயிங்கை கிளவுடில் வைக்கவில்லையா?" என் அம்மாகூடக் கேட்டார். வைத்திருந்தேன். ஆனால் அதில் இருந்தது முதலில் வரைந்த பழைய செட். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஷெட்டில் மாட்டி, உடைத்து, திரும்ப மாட்டிக் கண்டுபிடித்ததெல்லாம் பிரிண்டின் மேல் சிவப்புப் பேனாவில்தான் இருந்தது. ஒன்று சொல்கிறேன். 7-ஆம் டிராயிங்கில் சக்கரக் கைக்கு நடுவே புஷ் (ஷாஃப்ட் நுழையும் வளையம்), உள்விட்டம் 25 எச்7. அதாவது 25 மில்லிமீட்டருக்கு மேல் 21 மைக்ரான் வரை போகலாம், கீழே போகவே கூடாது. சரியாகத்தான் கடைந்தோம். ஆனால் புஷ்ஷை அடித்து இறக்கியதும் உள்விட்டம் சுருங்கி ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது. எங்கள் லேத் அண்ணன்தான், "முன்னாடியே அளவு வச்சா இப்படித்தான். அடிச்சி எறக்கினப்புறம் ரீமர் வுடு" என்றார். ரீமர் என்றால் துளையைச் சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி. அன்றைக்கு 'அடித்த பிறகு ரீமர்' என்று சிவப்பில் எழுதினேன். கேடில் ஏற்ற வேண்டும், நாளைக்கு ஏற்றலாம் என்றே காலம் போனது. இப்படி 22 தாள். மேஜையின் கடைசி டிராயரில் இருந்தன. கீழ் டிராயர், தண்ணீரில் போய்விட்டது.

பழைய டிராலியை அளந்து பார்த்தால் அளவு கிடைத்துவிடும். அந்த அளவை ஏன் வைத்தோம், எந்த வரிசையில் மாட்டினோம் என்பது எந்த வெர்னியரிலும் கிடைக்காது.

அதனால் அன்றைக்கு நான் அக்கா கடைக்குப் போனது ஆர்டரை ரத்து செய்து ஏஜென்சிக்குக் கடிதம் பிரிண்ட் எடுக்கத்தான். கூடவே ஆதார், பாஸ்புக் நகல். கடையில் ஒரே ஈரக் காகித வாசனை. ஊரே நனைந்த பத்திரத்தை பாலிதீன் கவரில் ஏந்திக்கொண்டு நின்றது. அக்கா கணக்குப் போட ஒரு துண்டுத் தாளை எடுத்தார். ஏ3 தாளைப் பாதியாக வெட்டிய துண்டு. எழுதும்போது காற்றில் ஓரம் மடங்கியது. பின்பக்கம் சிவப்பாக ஏதோ தெரிந்தது. என் கையெழுத்து.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. வீட்டிலும் ஒரு செட் இருக்கட்டும் என்று ஒருநாள் 22 தாளையும் கலர் ஜெராக்ஸுக்குக் கொடுத்திருந்தேன். அன்று மெஷின் எல்லாத் தாளிலும் ஓரத்தை விழுங்கிவிட்டது. "நாளைக்கு சர்வீஸ் ஆளு வர்றான், வா கண்ணு, திரும்ப எடுத்துத் தரேன்" என்றார். காசும் வாங்கவில்லை. ஒரிஜினலை எடுத்துக்கொண்டு வந்தவள் திரும்பப் போகவே இல்லை. பதினோரு மாதம்.

"அக்கா, இது இன்னும் இருக்கா?"

"ஒரு பக்கம் சுத்தமாத்தான இருக்குது? எதுக்குத் தூக்கிப் போடணும்?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் "பத்து நிமிசம் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு லேமினேஷன் மெஷினுக்கு அடியிலிருந்து கட்டை இழுத்தார். பத்து நிமிஷம் என்றது ராத்திரி ஒன்பதரை வரை போனது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தாள் தாளாகத் திருப்பினோம். பாதி பாதியாக வெட்டியவற்றை ஜோடி சேர்த்து டேப் ஒட்டினோம். பதினெட்டு தேறியது. பத்தொன்பதாவது பக்கத்து டீக்கடையில் கிடைத்தது. அங்கே பஜ்ஜி வைத்துக் கொடுக்க அக்காவிடம்தான் தாள் வாங்குவார்களாம். 14-ஆம் டிராயிங், நடுவில் எண்ணெய் ஊறி, பின்பக்கக் கணக்கு முன்பக்கம் தெரிய, ஆனால் ஒரு அளவுகூட அழியாமல். பாக்கி மூன்றையும் லேத் அண்ணன் ஞாபகத்திலிருந்து சொன்னார்.

மறுநாள் காலை ஸ்கேன் பண்ணப் போனேன். பத்தொன்பது தாளையும் அக்கா லேமினேட் செய்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. எவ்வளவு என்றதற்கு, முந்தின நாள் ஆதார் நகலுக்கு நான்கு ரூபாய் பாக்கி என்றார், அவ்வளவுதான். "இனிமே தண்ணி வந்தாலும் ஒண்ணும் ஆவாது, எடுத்துனு போ."

இப்போது எங்கள் ஷெட்டில் தொங்குவது அந்தத் தாள்கள்தான். முன்பக்கம் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற கணக்கு), பின்பக்கம் 'ஸ்பைரல் 6, பால் 2 பாக்கெட்'.

நம் எம்.ஐ.டி., சி. ராஜம் வீட்டை விற்று 1949-இல் ஆரம்பித்தது. அப்துல் கலாமுக்கு விமான டிசைனை முடிக்க மூன்று நாள் கெடு, முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் போச்சு என்ற கதையை ஒவ்வொரு விழாவிலும் கேட்டுக் கேட்டு நமக்குப் புளித்துவிட்டது. (இந்த முறை மூன்று ராத்திரியில் வரைந்து கொடுத்த பசங்களைப் பார்த்தபோது புளிப்பு கொஞ்சம் போனது, உண்மை.) எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் போய் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் வேலை பார்த்து, கதையும் எழுதிக் குவித்த சுஜாதாவும் நம் ஆள். புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு உதவும் இன்குபேஷன் சென்டரில் கண்ணாடிச் சுவர் போட்டு, கலர் கலராகச் சீட்டு ஒட்டி 'உங்கள் பயனாளி யார்?' என்று கேட்பார்கள். எனக்கும் முதல் பணம் அந்த மாதிரி ஓர் அறையில்தான் கிடைத்தது, குறை சொல்ல மாட்டேன். பயனாளியைத் தேடி நாங்கள் திருவல்லிக்கேணி மாடி வீடுகள் வரை போய்ப் படிகளை அளந்தோம்.

போன வாரம் ஸ்வீட் பாக்ஸோடு அக்காவைப் பார்க்கப் போனேன். கடையில் இல்லை. பின்பக்கம் குறுகின மாடிப்படியில் ஏ4 பேப்பர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். ஸ்டாக் ரூம் மேலேதானாம். 75 ஜி.எஸ்.எம்., பத்து ரீம் போட்ட பெட்டி 23 கிலோவுக்கு மேல் வரும். வாட்டர் கேனைவிட அதிகம். படிக்கிற காலத்திலிருந்து அந்தக் கடைக்குப் போய் வருகிறேன், ஒருநாளும் பின்னால் எட்டிப் பார்த்ததில்லை. 2019-இலேயே ஆர்டர் கொடுத்தவர் அவர்.

பதிமூன்றாவது டிராலி அக்காவுக்கு. விலை பேசினால் சண்டை வரும் என்று சொல்லிவிட்டேன். படியை அளந்து பார்த்ததில் ஒரு சிக்கல்: முதல் படி ஏழு அங்குலம், மூன்றாவது எட்டரை, அகலம் எல்லாம் ஒன்பதுதான். இப்போதைய சக்கரக் கை மூன்றாவது படியில் தட்டும். அளவை அக்கா கொடுத்த பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரியே கேடில் ஏற்றிவிட்டேன்.