ஃபாயாஸ் விழாவின் மொழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் மார்ச் மாதம் நடைபெறும், தெருவெங்கும் நையாண்டிப் பொம்மைச் சிலைகளை நிறுத்திக் கடைசி இரவில் எரிக்கும் ஃபாயாஸ் திருவிழாவைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான படக்கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், சிலைகளின் அடியில் ‘ஸ்பானிய மொழியில் கேலிக் கவிதைகள்’ எழுதப்பட்டிருக்கும் என்ற வரி சரியன்று. அக்கவிதைகளில் பெரும்பாலானவை வலென்சிய மொழியில் எழுதப்படுபவை. சிறு பிழைதானே என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்த விழாவுக்கும் அந்த மொழிக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட்டால், மிஞ்சுவது தீயும் புகையும் மட்டுமே.

வலென்சியம் என்பது ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் பேசப்படும் காட்டலான் மொழியின் தென்புலத்து வழக்கு. பெயரைப் பற்றிய சச்சரவு அங்கே இன்றும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. 15ஆம் நூற்றாண்டில் அது செல்வாக்கான இலக்கிய மொழி. ஸ்பெயினில் அச்சான முதல் இலக்கிய நூலாகப் பலரும் கருதும் கன்னி மரியாள் துதிப்பாடல் தொகுப்பு 1474இல் வலென்சியாவில் அச்சிடப்பட்டது. அதிலுள்ள 45 பாடல்களில் 40 இம்மொழியில் அமைந்தவை. அரியணைக்கான போரில் தோற்ற தரப்போடு நின்றதற்குத் தண்டனையாக, 1707இல் அல்மான்சா என்னுமிடத்தில் பெற்ற வெற்றிக்குப் பிறகு மன்னர் ஐந்தாம் ஃபிலிப் வலென்சியாவின் தனிச் சட்டங்கள் அனைத்தையும் நீக்கினார். ஆட்சி, வழக்குமன்றம், பின்னர் பள்ளிக்கூடம் எனப் படிப்படியாகக் காஸ்டிலியம், அதாவது நாம் ஸ்பானியம் என்று சொல்லும் மொழி, இடம்பிடித்தது. வலென்சியம் வீட்டிலும் வயலிலும் தெருவிலும் பேசும் மொழியாக ஒதுங்கியது.

அந்தத் தெருவில்தான் ஃபாயாஸ் வளர்ந்தது. தச்சர்கள் தங்கள் காவலரான புனித சூசையப்பரின் திருநாளையொட்டிப் பட்டறைக் கழிவு மரங்களைக் கொளுத்தியதிலிருந்து இவ்வழக்கம் பிறந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது தெருவுக்குத் தெரு ஊர்வம்பையும் அரசியலையும் பொம்மைகளால் நையாண்டி செய்யும் விழாவாகிவிட்டது. பொம்மை எதைக் குத்திக்காட்டுகிறது என்பதை விளக்கச் செய்யுள் வேண்டும். அதைக் கூட்டத்துக்கு விற்கச் சிறு புத்தகம் வேண்டும். ‘யிப்ரெட்’ எனப்படும் அத்தகைய சிறுநூல்களில் நாம் அறிந்தவற்றுள் முதலாவதை 1855இல் எழுதியவர் ஜுசெப் பெர்னாட் இ பல்தொவி என்ற நையாண்டிக் கவிஞர். 1878இல் தொடங்கப்பட்ட ‘லோ ராட் பெனாட்’ என்னும் மொழிச் சங்கம் 1903 முதல் சிறந்த யிப்ரெட்டுக்குப் பரிசும் வழங்கத் தொடங்கியது. மேடைக் கவிஞர்கள் மட்டுமல்லாமல், அந்தந்தத் தெருவின் கைவினைஞர்களும் கடைக்காரர்களும் இதில் யாப்பறிந்து எழுதப் பழகினார்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலத்தில் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் அம்மொழிக்குக் கதவு சாத்தப்பட்டபோது, தணிக்கை அதிகாரியின் பேனாவுக்குத் தப்பிய அளவில், ஃபாயாஸ் செய்யுள்கள் ஆண்டுதோறும் அதில் அச்சேறிக்கொண்டிருந்தன. யுனெஸ்கோ 2016இல் இவ்விழாவை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மொழி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அதைக் காத்த வழிகளுள் இதுவும் ஒன்று என்பதைத் தன் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறது. தங்கள் கட்டுரையாளர் அந்தக் குறிப்பைப் பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திருக்காது.

நகரின் ஃபாயாஸ் அருங்காட்சியகத்தைக் கட்டுரை ஒரே வரியில் புகழ்ந்திருந்தது. அதைப் பற்றியும் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. விழாவுக்கு முன் ஒவ்வொரு தெருக் குழுவும் ஒரு பொம்மையைக் கண்காட்சிக்கு அனுப்ப, பார்வையாளர்கள் வாக்களித்து ஒன்றைத் தீயிலிருந்து காப்பாற்றுகிறார்கள். 1934இல் தொடங்கிய இவ்வழக்கத்தால் ‘மன்னிக்கப்பட்ட’ பொம்மைகளே அங்கு வரிசையாக நிற்கின்றன. அக்காலத்து மெழுகு முகமும் துணி ஆடையும், பின்னர் வந்த காகிதக்கூழும், இன்றைய நுரைநெகிழியும் என ஒரு கைத்தொழிலின் வளர்ச்சியை அவற்றில் காணலாம். ஆனால் மக்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். 1934இல் தப்பிய முதல் பொம்மை, ஒரு பாட்டியும் பேத்தியும். அதன் பிறகும் தாத்தாக்கள், பேரக்குழந்தைகள், மீனவர்கள் என்று மனத்தை உருக்கும் உருவங்களே அடிக்கடி வென்றிருக்கின்றன. நகராட்சியைக் கிண்டலடித்தவையும் அமைச்சர்களைக் கழுதைமேல் ஏற்றியவையும் மார்ச் 19 இரவில் சாம்பலாகிவிடுகின்றன. எனவே, அருங்காட்சியகத்தில் இருப்பது விழாவின் கனிந்த முகம் மட்டுமே. அதன் கூர்மை யிப்ரெட்டுகளின் செய்யுள்களில்தான் தங்கியிருக்கிறது. நூலகங்களில் அவற்றைச் சேர்த்து வைத்திருப்பவர்களே இவ்விழாவின் உண்மையான காப்பாளர்கள் என்பேன்.

விழா நாட்களில் இம்மொழியைக் கேட்க நூலகத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. மார்ச் 1 முதல் 19 வரை நாள்தோறும் பிற்பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் ‘மாஸ்க்லெத்தா’ என்னும் வெடிமுழக்கம் நடக்கிறது. அதைத் தொடங்குமாறு மாடத்தில் நின்று அவ்வாண்டின் விழா நாயகி வாணவேடிக்கைக் கலைஞரிடம் சொல்லும் ஒற்றை வாக்கியம் வலென்சியத்தில்தான் ஒலிக்கும். காஸ்டிலியம் மட்டுமே பேசும் குடும்பத்தின் குழந்தைக்கும் அது மனப்பாடம்.

விழாவுக்கு அப்பாலும் ஒன்று உண்டு. வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. துரியா ஆற்றின் வாய்க்கால்களைப் பயன்படுத்தும் உழவர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பிரதிநிதிகள், கறுப்பு மேலாடை அணிந்து வட்டமாக நாற்காலிகளில் அமர்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று ஏவலர் வலென்சியத்தில் குரல் கொடுக்கிறார். பல வாரங்களில் எவரும் முன்வருவதில்லை; சில நிமிடங்களில் சபை கலைந்துவிடும். வழக்கு வந்தால் எல்லாம் வாய்மொழியே: வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை, யார் பேசலாம் என்பதைத் தலைவர் காலை நீட்டிக் காட்டுகிறார். இதையும் யுனெஸ்கோ 2009இல் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியோடு சூழ்ந்து நிற்கும் காட்சியாக அது இன்று மாறியிருந்தாலும், தீர்ப்பு உண்மையான தீர்ப்புத்தான்.

இதையெல்லாம் பழம்பெருமையாக நான் எழுதவில்லை. 1982இல் தன்னாட்சிச் சட்டம் இம்மொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கியது. அடுத்த ஆண்டே அதன் பயன்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் தனிச்சட்டம் வந்தது. ஆயினும், பள்ளியில் பிள்ளைகளுக்கு எது அடிப்படை மொழி என்று 2025 மார்ச் தொடக்கத்தில் முடிந்த வாக்கெடுப்பில், வலென்சியப் பகுதியின் பெற்றோர் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தார்கள். வெடிமுழக்கம் தொடங்கிவிட்ட அதே வாரத்தில் இது நடந்தது. சதுக்கத்தில் வலென்சியத்தைக் கேட்டுக் கைதட்டுபவர், மறுநாள் பள்ளிப் படிவத்தில் காஸ்டிலியத்தைக் குறிப்பதில் முரண் எதையும் காண்பதில்லை. விழா ஒரு மொழியைத் தடைக்காலத்தில் தாங்கிப் பிடிக்கும். தடை நீங்கிய பின் அதை வகுப்பறைக்குள் கொண்டுசெல்வது விழாவால் ஆகிற காரியம் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அடுத்த மார்ச்சில் ஃபாயாஸ் படங்களைத் தாங்கள் மீண்டும் வெளியிட நேர்ந்தால், எரியும் சிலைகளுடன் ஒரு யிப்ரெட்டின் சில அடிகளையும், அவை எம்மொழியில் எழுதப்பட்டவை என்ற குறிப்போடு, தமிழில் பெயர்த்துத் தந்தால் நன்றாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.