புழு மனை நாவலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நாவல் ஒருவழியாகப் பதிப்பகங்களுக்கு அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டது. யாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், இன்னும் யாருக்கும் அனுப்பவே இல்லை. புத்தகம் வரும்போது முன்னுரையில் நன்றி சொல்வதுதான் வழக்கம். ஆனால் புத்தகம் வருமா, வந்தால் எப்போது வரும் என்பது என் கையில் இல்லை. நீங்கள் செய்த உதவியோ நடந்து முடிந்துவிட்டது. அதற்கான நன்றியை அச்சகம் வரைக்கும் காக்க வைப்பானேன்? பெயர்கள் எதையும் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வீர்கள்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட நிலம், நடுவில் ஒரு வரப்பு. அண்ணன் தக்காளி போடுகிறான். தம்பி மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறான். தக்காளிக்கு அடித்த மருந்து காற்றோடு வந்து மல்பெரி இலையில் படிகிறது. அந்த இலையைத் தின்ற புழு மொத்தமும் போய்விடுகிறது. அம்மா இருப்பது தம்பி வீட்டில், புழுவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். 1998இல் தொடங்கி 2004இல் முடிகிறது.

முதல் நன்றி எடிட்டர் மேடத்துக்கு. தருமபுரி புத்தகத் திருவிழாவில் பழக்கமான ஒரு நண்பர் மூலமாகத்தான் அவரைத் தெரியும். சென்னைக்காரர், பட்டுப்புழுவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அது எனக்கு நல்லதாகப் போனது. தெரிந்தவராக இருந்தால் பல இடங்களில் தானாகவே நிரப்பிக்கொண்டு படித்திருப்பார். இவர் நிரப்பிக்கொள்ளவில்லை, கேட்டார். நீளமான ஒரு கடிதம், கூடவே ஓரமெல்லாம் கமெண்ட் நிறைந்த வேர்டு கோப்பு. கடிதத்தின் முதல் பத்தியிலேயே இப்படி எழுதியிருந்தார்: "நீங்கள் இதை நிலத் தகராறு நாவல் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது ராத்திரியில் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்பதைப் பற்றிய நாவலாகத் தெரிகிறது." அதைப் படித்துவிட்டு, நான் கணக்கு எழுதும் பால் சொசைட்டியில் அன்று சாயங்காலக் கணக்கில் என்ன எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. மற்ற குறிப்புகள் எல்லாம் அந்த வரியிலிருந்து கிளம்பியவைதான்.

முன்னோர் வரலாறு சொன்ன முதல் மூன்று அத்தியாயங்கள் போயின. இப்போது புழு நாலாவது தோலுரித்து எழும் ராத்திரியில் கதை ஆரம்பிக்கிறது. தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றதும் அதியமானையும் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியையும் இழுத்துவராமல் எங்கள் ஊர்க்காரர்களால் இருக்க முடியாது. நானும் பாட்டியின் வாயில் அதை இரண்டு பக்கத்துக்கு ஏற்றியிருந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பாட்டிக்கு வேறு கதையே தெரியாதா?" அந்தப் பக்கங்களும் போயின. அதியமான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி நான் அதிகம் கடன்பட்டிருக்கும் அக்காவிடம் வருகிறேன். எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், வீட்டை ஒட்டிப் புழு மனை, அதாவது பட்டுப்புழு வளர்க்கும் இடம், வைத்திருக்கிறார். நாலாவது தோலுரிப்புக்குப் பிறகு புழு தின்னும் தீனிதான் தீனி. பிறந்ததிலிருந்து கூடு கட்டும் வரை அது தின்னும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் அந்தக் கடைசி வாரத்தில்தான் தீரும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் இலையை அரிக்கும் சத்தத்தை மழை பெய்வதுபோல என்று எழுதியிருந்தேன். எடிட்டர் அதைக் கோடிட்டு, "மழை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். தினமும் அங்கேயே படுத்து எழும் அம்மாவுக்கு இது மழையாகவா கேட்கும்?" என்று கேட்டிருந்தார். கேள்வியை அப்படியே அக்காவிடம் கொண்டுபோனேன்.

"சத்தமா? அது யாருக்குக் கேக்குது?" என்றார். "சத்தம் கொறஞ்சாத்தான் முழிப்பு வரும். ஒண்ணு, இலை தீந்துபோச்சுன்னு அர்த்தம். இல்லைன்னா புழுவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுப் பால் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்படியே நின்றேன். புழு சாகும் அத்தியாயத்தில் மகன் போட்ட கூச்சலில் அம்மா எழுந்துகொண்டிருந்தாள். இப்போது யாரும் கூச்சல் போடுவதில்லை. சத்தம் நின்றுபோனதால் எழுகிறாள். மகன் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறான். விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். எடிட்டர் மேடம் அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு ஒரு கமெண்ட்கூடப் போடாமல் திருப்பி அனுப்பினார். பாராட்டு அந்தக் கோப்பில் அவ்வளவுதான் கிடைக்கும்.

அதே அக்காதான் மனைக்குள் விட்டதும். எல்லாரையும் விடமாட்டார். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூவைக்கூட வெளியே எடுத்துவைக்கச் சொன்னார். உள்ளே வெயிலுக்கு ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "புழு பழுத்ததை அம்மா அறிந்தாள்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் எடிட்டர், "எப்படி அறிந்தாள்?" என்று கேட்டிருந்தாரே, அதற்காகத்தான் போனேன். அக்கா ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டு ட்யூப் லைட்டுக்கு நேரே காட்டினார். வெள்ளையாக இருந்த உடம்பு உள்ளே ஒளி தெரிகிற மாதிரி ஆகி, லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. பக்கத்தில் வைத்த இலையைத் தொடவே இல்லை, தலையைத் தூக்கித் தூக்கி எதையோ தேடியது. "இதைச் சந்திரிகையில விட்டுறணும். இன்னும் தட்டுலயே வெச்சிருந்தா நூலை அங்கயே விட்டு வீணாக்கிரும்" என்றார். சந்திரிகை என்பது புழு கூடு கட்டுவதற்கான தட்டி. இப்போது அந்த இடத்தில் 'அறிந்தாள்' இல்லை. உள்ளங்கை இருக்கிறது.

உரக்கடை அண்ணனுக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வருகிறது. மருந்து பட்ட இலையைத் தின்றால் புழு என்ன ஆகும் என்று கேட்கத்தான் போனேன். நெளியும், தலையை ஆட்டும், தின்றதைக் கக்கும், அப்புறம் சுருண்டுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "கதை எந்த மாசத்துல நடக்குது?" என்றார். ஆடி என்றேன். "தக்காளி எந்தப் பக்கம்?" கிழக்கே என்றேன். "ஆடிக் காத்து மேக்கேர்ந்து இல்லம்மா வரும்? கெழக்கால அடிச்ச மருந்து காத்தை எதிர்த்துக்கினு எப்படி மல்பெரிக்கு வரும்?"

மாதத்தை மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்ற முடியாது, ஆடிப் பதினெட்டு கதைக்கு வேண்டும். ஆகவே அண்ணனையும் தம்பியையும் நிலம் மாற்றிக் குடியேற்றினேன். கிணறு ஒரு பக்கம் போனது, களத்துமேடு இன்னொரு பக்கம் போனது. அம்மா அண்ணன் வீட்டைப் பார்த்து நிற்கும் சாயங்காலங்களில் அவள் கண்ணில் வெயில் அடிக்க ஆரம்பித்தது. அந்த வெயிலை நான் யோசித்து வைக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது. அதற்கும் சேர்த்துத்தான் உரக்கடை அண்ணனுக்கு நன்றி.

எடிட்டரின் கடிதத்தில் என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது அண்ணன் பாத்திரம் பற்றிய குறிப்பு. "இவன் வரும்போதெல்லாம் ஏதாவது கெட்டது நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தார். நிஜத்தில் தக்காளி போடும் தம்பி ஒருவரிடம் அந்த அத்தியாயங்களைப் படிக்கக் கொடுத்தேன். மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றிவிட்டு வந்து படித்தார். "இவன் கெட்டவன் இல்லக்கா, கடன்காரன்" என்றார். விதை, குச்சி, கயிறு, கூலி, மருந்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காய்ப்புழு விழுந்த பிறகு மருந்து அடிக்காமல் விட்டால் பாதிக் காய்கூடப் போய்விடும். பக்கத்துக் காட்டுக்கு ஆகாது என்று தெரிந்தே அடிப்பவன் அன்று ராத்திரி என்ன செய்வான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாய்க்கால்ல கைய கழுவிக்கினே இருப்பான்" என்றார். அண்ணனுக்கு இப்போது ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அவனும் விழித்திருக்கிறான்.

வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார் கூட்டுப் பட்டா, உட்பிரிவு, பாகப்பிரிவினைப் பத்திரம் இவற்றையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கினார். 1998இல் தம்பியின் மாமனார் கிருஷ்ணகிரி கலெக்டரிடம் மனு கொடுக்கும் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "2004 பிப்ரவரியிலதானேம்மா கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு? அவர் தருமபுரிக்குத்தான் வந்திருக்கணும்" என்றார். நல்லதாகப் போயிற்று. மனு கொடுக்க வந்தவர் அப்படியே மகளையும் பார்த்துவிட்டுப் போகிறார். நான் தேடிக்கொண்டிருந்த ஒரு காட்சி அதில் கிடைத்துவிட்டது.

பட்டுக்கூடு ஏற்றிப் போகும் வேன் ஓட்டிய பெரியவர் ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூர் தாண்டி, கர்நாடகத்தில் பட்டுக்கூட்டு மார்க்கெட் இருக்கும் ராமநகரம் வரை என்னை உட்கார்ந்த இடத்திலேயே கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மஞ்சள் கூடுதான், நான் எழுதியிருந்த வெண்கூடெல்லாம் பரவலானது அப்புறம் என்று நிறத்தையே மாற்ற வைத்தார். ஏலம் எடுக்க வருகிறவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாராம், உள்ளே கூட்டுப்புழு உருளும் சத்தத்துக்காக. அதை அவர் எனக்குச் செய்து காட்டினார், கையில் கூடு இல்லாமலே.

இந்த ராமநகரம் அத்தியாயம் கதையை விட்டு விலகிப் போகிறது, எடுத்துவிடலாம் என்பது எடிட்டரின் கருத்து. இதில் மட்டும் நான் இணங்கவில்லை. "காரணம் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நாவல் முழுக்கத் தம்பி நிம்மதியாகத் தூங்குவது அந்த மார்க்கெட் திண்ணையில் மட்டும்தான் என்று எழுதி அனுப்பினேன். "சரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அவருக்கு இன்னமும் முழுத் திருப்தி இல்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அந்த அத்தியாயத்தைப் பிடிக்கும்.

ஒற்றுப் பிழைகளைப் பார்த்துக்கொடுத்த தமிழாசிரியர் ஐயாவுக்கு நன்றி. உரையாடலில் வரும் 'வந்துகினு', 'போய்கினு' எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தாரே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. பழைய எழுத்துருவில் அடித்திருந்த அத்தியாயங்களை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் பிரிந்து சிதறின. அவற்றை உட்கார்ந்து ஒட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் தம்பிக்கும் நன்றி.

வீட்டில் அத்தை. மத்தியானம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நான் வாசிக்க வாசிக்கக் கேட்பார். அவர் கண் அசந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். பிறகு எடிட்டரின் கோப்போடு ஒத்துப் பார்த்தால், அவர் "இங்கே தொய்கிறது" என்று குறித்திருந்த இடங்களும் அத்தையின் கோடுகளும் பல இடங்களில் ஒன்றாகவே இருந்தன. அத்தையிடம் அதைச் சொன்னேன். "அந்தம்மாவும் தூங்கிட்டாங்களா?" என்று கேட்டார். பல நாள் சாயங்காலம் எனக்குப் பதிலாகச் சொசைட்டியில் நின்ற வீட்டுக்காரருக்கும், கணக்கு வித்தியாசம் வந்தபோது சண்டைக்கு வராத பால் ஊற்றுகிறவர்களுக்கும் இதே வரியில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

இனிச் செய்ய வேண்டியது கதைச் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் எழுதுவது. நாவல் எழுதுவதைவிட அது சிரமமாக இருக்கிறது. முடித்ததும் மாதிரி அத்தியாயங்களோடு அனுப்பத் தொடங்குவேன். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரும் புத்தகங்களைப் பதிப்பகங்கள் பல மாதம் முன்பே முடிவு செய்துவிடுவார்கள் என்பதால் வரும் ஜனவரியை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தலைப்பும் முடிவாகவில்லை, 'புழு மனை' என்பது இப்போதைக்குக் கூப்பிடும் பெயர்தான். நல்லதாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய பிரதி சிலரிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதன் பிடிஎப்பை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டுவிடாதீர்கள், அதில் தக்காளி இன்னும் கிழக்கேதான் விளைகிறது. தாளில் வைத்திருப்பவர்கள் சொசைட்டியில் கொடுத்துவிட்டால் போதும். காலையில் எட்டு மணி வரை அங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள்
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்