மும்பை நிற்பதே எரிமலைக் குழம்பின் மேல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்து எரிமலைப் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் அதன் கீழே 'மலை உச்சியிலிருந்து பொங்கிய நெருப்புக் குழம்பு' என்று எழுதியது தவறு. அந்தப் படத்தில் மலை உச்சியே கிடையாது, தரைதான் நீளமாகப் பிளந்து கிடக்கிறது. எரிமலை என்ற சொல்லிலேயே மலை இருப்பதால் நமக்குக் கூம்பு மாதிரி ஒன்றுதான் மனதில் வருகிறது. ஆனால் உலகத்திலேயே அதிகக் குழம்பைக் கொட்டிய வெடிப்புகள் பல இப்படிப் பிளவு வழியாக வந்தவைதான்.

ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2023 நவம்பர் 10 அன்று நிலம் ஓயாமல் அதிர்ந்ததால் 3,800 பேரையும் ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றினார்கள். டிசம்பர் 18-ல் ஊருக்கு வடக்கே சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை கிழிந்து குழம்பு வந்தது. அடுத்த மாதம் 14-ம் தேதி ஊர் ஓரத்திலேயே இன்னொரு பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்துபோயின. மலையிலிருந்து தள்ளி வீடு கட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அங்கே நடக்காது, ஏனென்றால் எந்த இடத்தில் தரை திறக்கும் என்று முன்கூட்டியே சொல்வது மிகவும் கஷ்டம்.

அதே நாட்டில் 1783 ஜூன் 8-ல் லாக்கி என்ற இடத்தில் திறந்த பிளவு சுமார் 27 கிலோமீட்டர் நீளம், அதன் மேல் வரிசையாக 130 வாய்கள், எட்டு மாதம் ஓயவில்லை. குழம்பைவிட, அதோடு வந்த வாயுதான் பெரிய நாசம் செய்தது. புல்லில் ஃபுளோரின் என்ற நச்சுப்பொருள் படிந்து ஆடு மாடுகள் மடிந்தன, அப்புறம் பஞ்சம் வந்து ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவர் செத்துப்போனார்கள். அந்தப் புகைமூட்டம் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

சரி, மும்பையில் இருக்கிற நான் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு போர் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து மகாராஷ்டிரா வந்தவன். நாசிக், துலே பக்கமெல்லாம் எத்தனையோ குழி போட்டிருக்கிறோம். சுத்தியல் இறங்க இறங்க வெளியே வரும் தூள் கருஞ்சாம்பலாக இருக்கும். திடீரென்று செங்கல் பொடி மாதிரி சிவப்பாகிவிடும். ஐந்தாறு அடி போனதும் மறுபடி கறுப்பு, பிறகு இன்னும் கீழே மறுபடி சிவப்பு. எங்களுக்குக் காரணம் தெரியாது. நிலத்தடி நீர் பார்க்க வந்த ஒரு நிலவியலாளர்தான் சொன்னார்: ஒவ்வொரு கறுப்பும் ஒரு முறை ஓடி இறுகிய எரிமலைக் குழம்பு, நடுவில் இருக்கும் சிவப்பு, அடுத்த குழம்பு வருவதற்குள் வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கிய மண். அன்றிலிருந்து தூளின் நிறம் மாறினாலே கம்பிரசர் சத்தத்தையும் மறந்து நின்று பார்ப்பேன்.

துலே, நந்துர்பார் பக்கம் போனால் வயல்களுக்கு நடுவே கோட்டை மதில் மாதிரி கரும்பாறைத் திட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் நேர்க்கோட்டில் ஓடும். குழம்பு மேலே ஏறி வந்த பிளவுகளிலேயே இறுகி நின்றுபோன பாறை அது. சுற்றியிருந்தது கரைந்து போக, சுவர் மட்டும் மிஞ்சிவிட்டது. அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் 200 அடியில் தண்ணீர் வந்தது, மறுபக்கம் 500 அடி வரை வெறும் புழுதி. நானே கண்ணால் பார்த்தது.

தக்காணப் பீடபூமியின் இந்தப் பாறை இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவிக் கிடக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கு மேல் கனம். சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு ஓடிய குழம்பு ஆந்திராவில் ராஜமுந்திரி வரைக்கும் போயிருக்கிறது. அஜந்தா, எல்லோராவைக் குடைந்தது இந்தக் கல்லில்தான். இதை நம் ஊர்க் கருங்கல் என்று நினைக்கக்கூடாது. நாமக்கல் பக்கத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்த அம்மியைத் திருப்பிப் பார்த்தால் பொறிப்பொறியாக மினுங்கும், அது ஆழத்தில் வெந்து இறுகிய 200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட கல். இங்கே உள்ளதில் மணியே தெரியாது, சின்னச் சின்னப் பொத்தல்தான். வாயுக் குமிழி இருந்த இடம். அதில் வெள்ளைப் படிகம் அடைத்துக்கொண்டிருக்கும்.

மும்பைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. வொர்லியில் இரண்டு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்து நீர்நிலைப் படிவில் தவளை எலும்புகள் கிடைத்திருக்கின்றன, 19-ம் நூற்றாண்டிலேயே. அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில் சுமார் 200 அடி உயரத்துக்கு ஒரே எரிமலைப் பாறைத் தூணாக நிற்கிறது. உச்சியில் அம்மன் கோவில். பக்கத்தில் போய் நின்றால் செங்குத்தாகக் கோடுகள் இறங்குவது தெரியும், குழம்பு மெதுவாக ஆறிச் சுருங்கும்போது விழுந்த வெடிப்பு. 2007-ல் மாநகராட்சி பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் சுற்றிலும் கட்டடங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன, நான் போனபோது அது என்ன கல் என்று சொல்ல ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஐஸ்லாந்து படத்தை உங்கள் பத்திரிகையில் பார்க்கிறார்கள், காலுக்கடியில் இருப்பதைப் பார்ப்பதில்லை. அடுத்த முறை 'எரிமலைப் பிளவு' என்று எழுதுங்கள். மும்பைப் பதிப்பிலாவது கில்பர்ட் ஹில்லைப் படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள். உங்கள் நிருபர் வந்தால் அந்தேரி ஸ்டேஷனிலிருந்து நானே கூட்டிப்போகிறேன். படி செங்குத்து, காலையிலேயே வந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை